அரசனுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி

“உங்க பேர்ல இருக்கிற அந்தப் புள்ளியை எடுத்துட்டா என்ன ஆகும், தெரியுமா?”

“தெரியும். நானும் வாங் ஆயிடுவேன்.”

“அப்ப நாம சொந்தம்.”

“ரொம்பத் தூரத்துச் சொந்தம். கல்யாணத்துக்கு யாரும் பத்திரிகை வைக்கல.”

“இப்ப வைக்கிறேன்னு வச்சுக்கோங்க. பார்த்தா எனக்குத்தான் வயசு ஜாஸ்தி. அண்ணான்னு கூப்பிடு. என்ன தங்கச்சி, ஜின்செங் டீ குடிக்கிறியா?”

கொரியாவின் கங்வாத் தீவில், பழைய அரண்மனைத் திடலில், ஏழு வருடங்களுக்கு முன்னால் ஒரு வசந்த காலப் பகலில் நடந்த பேச்சு இது. மிரானுக்கு அதில் ஒரு சொல்கூட மறக்கவில்லை. மறந்திருந்தால் எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும். விளையாட்டாக வாயில் வந்த ஒரு சொல், மறுவாரம் பழக்கமாகி, மறுமாதம் உறவாகி, இப்போது வேலியாக நின்றது.

அன்று அவள் சட்டையில் குத்தியிருந்த அட்டையில் ‘ஓக் மிரான், வரலாற்று வழிகாட்டி’ என்று எழுதியிருந்தது. பக்கத்தில் குடும்பப் பெயர் மட்டும் சீன எழுத்திலும் இருந்தது. வெளியூர் வியாபாரிகள் நாலு பேரை அரண்மனை பார்க்க அழைத்து வந்த, ஜின்செங் என்கிற மருந்து வேர் விற்கும் கடைக்காரர் தொக்சு அதைத்தான் உற்றுப் பார்த்தார். மூன்று படுக்கைக் கோடு, நடுவே நட்டுவைத்த ஒரு கோடு. அது ‘வாங்’, அரசன் என்று பொருள். அவருடைய குடும்பப் பெயர் அது. அதன் இடுப்புக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்தால் ‘ஓக்’, அதாவது பச்சைக்கல். மிரானுடைய குடும்பப் பெயர்.

கொரியோ அரச வம்சம் விழுந்து ஜோசன் வம்சம் வந்தபோது, பழைய அரச குடும்பமான வாங்குகளைத் தீவுகளில் குடிவைப்பதாகச் சொல்லிப் படகில் ஏற்றினார்கள். படகுகள் நடுக்கடலில் மூழ்கின. மிஞ்சியவர்கள் பெயரை மறைத்துக்கொண்டு ஓடினார்கள். சிலர் அரசன் பக்கத்தில் ஒரு புள்ளியை வைத்து ஓக் ஆனார்கள். சிலர் அரசன் தலைக்கு மேல் ஒரு கூரையைப் போட்டு, முழுமை என்று பொருள்படும் ‘ஜொன்’ ஆனார்கள். குடும்பங்களில் அப்படித்தான் சொல்லிக்கொண்டு வருகிறார்கள். தமிழில் ஓர் எழுத்தின் மேல் புள்ளி வைத்தால் உயிர் நீங்கிவிடும். அங்கே ஒரு புள்ளி எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றியது.

மிரான் தெற்கே கோஜேத் தீவில் பிறந்தவள். அங்கே ஓக்குகள் நிறைய. கங்வாவுக்குக் கல்யாணமாகி வந்தாள். கணவன் இதயம் நின்று போனபோது அவளுக்கு முப்பத்தெட்டு வயது. ஊருக்குத் திரும்பிவிடச் சொன்னார்கள். அவள் வழிகாட்டிப் பயிற்சியில் சேர்ந்து, இங்கேயே இருந்துவிட்டாள். தொக்சுவுக்கும் மனைவி இல்லை. அவருடைய அப்பா போர்க்காலத்தில், இப்போது எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கிற கேசோங் நகரத்துப் பக்கத்திலிருந்து கடலைத் தாண்டி வந்து, இங்கே மண்ணைப் பிடித்து ஜின்செங் போட்டவர். தீவின் வடகரையில் நின்றால் அந்தக் கேசோங் மலைகள் கைக்கெட்டும் தூரத்தில் தெரியும். கைதான் எட்டாது.

அந்த ஒரு கோப்பை டீக்குப் பிறகு தொக்சுவின் அத்தைக்கு விஷயம் போயிற்று. அத்தை என்றால் அப்பாவின் தங்கை. எழுபத்தாறு வயது, முதுகு மட்டும் வளைந்திருக்கிறது, வாய் வளையவில்லை. “நம்ம வீட்ல காணாமப்போன பொண்ணு கிடைச்சுட்டா” என்று சந்தை முழுக்கச் சொல்லிவிட்டாள். அறுவடைத் திருநாளுக்கு மிரான் வீட்டுக்கு மாவுருண்டை வந்தது. குளிர்காலம் வந்தால் ஊதா நிற டர்னிப் கிழங்கில் போட்ட கிம்ச்சி ஊறுகாய் ஒரு ஜாடி. காய்ச்சல் என்றால் கோழிக்குள் ஜின்செங் வைத்து வேகவைத்த சூப், துணி சுற்றிய பாத்திரத்தில். யாருமில்லாத வீட்டில் உட்கார்ந்திருந்தவளுக்கு ஒரு முழுக் குடும்பம் கதவைத் தட்டிக்கொண்டு வந்தது. தங்கச்சி என்கிற பெயரை முன்னிட்டுத்தான் வந்தது. அந்தப் பெயரை வேண்டாமென்று சொன்னால், வந்தது அத்தனையும் வந்த வழியே திரும்பிவிடுமோ? இந்தப் பயத்தில்தான் மிரான், தன் மனசுக்குள் எப்போதோ முளைத்துவிட்டதைத் தண்ணீர் காட்டாமல் வைத்திருந்தாள்.

தண்ணீர் காட்டாவிட்டாலும் அது வளர்ந்தது. தொக்சு கடையில் வேர்களைத் தரம் பிரிக்கும்போது, ஒவ்வொன்றையும் தூங்கும் குழந்தையைத் தூக்குவது போல இரண்டு கையாலும் எடுப்பார். அதைப் பார்ப்பதற்கென்றே அவள் சில நாள் சந்தைப் பக்கமாகச் சுற்றி வீட்டுக்குப் போவாள்.

இந்த வருடம் சந்திரப் புத்தாண்டு முடிந்த வாரம், தேகுவிலிருந்து ஒரு பேருந்து நிறையப் பெண்கள் வந்தார்கள். எல்லோரும் ஒரே மாதிரி சுருட்டை முடி, ஒரே மாதிரி ஊதா நிறக் கம்பளிச் சட்டை. அரண்மனைத் திடலில் பனி பாதி உருகிக் கிடந்தது.

“பார்க்க ஒண்ணுமே இல்லையேம்மா இங்க. வெறும் மேடு” என்றாள் முன்னால் நின்ற ஒருத்தி.

“அதுதான் விசேஷமே” என்றாள் மிரான். “மங்கோலியர் வந்தப்போ கொரியோ ராஜா தலைநகரத்தையே தூக்கிட்டு இந்தத் தீவுக்கு வந்துட்டார். கடலைத் தாண்ட குதிரைக்குத் தெரியல. முப்பத்தொன்பது வருஷம் இங்கிருந்து தாக்குப்பிடிச்சாங்க. சண்டைக்கு நடுவுல உட்கார்ந்து, புத்தர் சொன்னதையெல்லாம் அச்சடிக்கிறதுக்காக மரப்பலகையில எழுத்தை இடம்வலமா திருப்பிச் செதுக்கினாங்க. ஒண்ணு ரெண்டு இல்லை, எண்பதாயிரத்துக்கு மேல. வீடு பத்திக்கிட்டு எரியும்போது கையெழுத்து அழகா இருக்கணும்னு பார்த்த ஜனங்க நாம.”

மிரானுக்கு இந்த இடம் பிடிக்கும். எத்தனை தடவை சொன்னாலும் அவள் உடம்பில் ஒரு சிலிர்ப்பு ஓடும்.

“கொரியோங்கிற பேரே ஒரு கதை. அதுக்கு முன்னாடி வடக்கே கொகுரியோன்னு ஒரு பெரிய ராஜ்ஜியம் இருந்தது. அது விழுந்து இருநூறு வருஷத்துக்கு மேல ஆனப்புறம், குங்யேன்னு ஒருத்தர் கிளம்பி, அதே பேர்ல மறுபடி ராஜ்ஜியம் ஆரம்பிச்சார். மூணு வருஷத்துல அலுத்துப்போச்சு, மாஜின்னு மாத்தினார். அப்புறம் தேபோங்னு மாத்தினார்.”

“எங்க மருமக இப்படித்தான்” என்று பின்னாலிருந்து ஒரு குரல். “முடிவெட்டுற கடைக்கு மூணு தடவை பேர் மாத்திட்டா. இருந்த ரெண்டு பேரும் வழி தெரியாம வேற கடைக்குப் போயிட்டாங்க.”

திடல் முழுக்கச் சிரிப்பு. மிரானும் சிரித்தாள். “குங்யேவுக்கும் அதேதான் ஆச்சு. அவர்கிட்ட இருந்த தளபதி வாங் கோன் ராஜா ஆனார். அவர் பழைய பேரையே எடுத்து, நடுவுல ஒரு எழுத்தை மட்டும் உதிர்த்துட்டு, கொரியோன்னு வச்சார். அது நானூத்தம்பது வருஷத்துக்கு மேல நின்னுது. அப்புறம் வந்தவர் யி சோங்கே. புது நாட்டுக்கு ரெண்டு பேர் எழுதி மிங் பேரரசர்கிட்ட கேட்டனுப்பினார். ஒண்ணு அவர் பிறந்த ஊர்ப் பேர், ஹ்வாரியோங். இன்னொண்ணு ஜோசன். அது யாருக்கும் நினைவு தெரியாத காலத்து ராஜ்ஜியத்தோட பேர். எது வந்ததுன்னு உங்களுக்கே தெரியும். அதுக்கும் ஐநூறு வருஷம் கழிச்சு தேஹான்னு மாத்தினாங்களே, அதுவும் புதுசில்ல. பழங்காலத்துல சம்ஹான்னு மூணு ஹான் நாடு இருந்ததே, அந்த ஹான்தான். இந்த நாட்டுல யாரும் புதுப் பேருக்கு அலையல. கிழிஞ்சுபோச்சுன்னு மூலையில போட்ட பட்டுத் துணியை எடுத்து, உதறி, திரும்பக் கட்டிக்கிட்டாங்க. ஒவ்வொரு தடவையும் அது பொருந்திச்சு.”

அவள் வடக்கே கைகாட்டினாள். “இப்பவும் பாருங்க. அந்தக் கரையில இருக்கிறவங்க தங்களை ஜோசன்னு சொல்லிக்கிறாங்க. இந்தக் கரையில நாம ஹான்குக், ஹான் நாடு. வெளிநாட்டுக்காரன் ரெண்டு பேரையும் கொரியோன்னுதான் கூப்பிடறான், அவன் நாக்குக்கு அது கொரியான்னு வருது.”

“அப்ப நாம யாரு?” என்றாள் முதலில் பேசியவள்.

“மூணும்தான்.”

அந்தப் பெண் வெறும் மேட்டைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு கையுறையைக் கழற்றிவிட்டு, குனிந்து, அந்த மண்ணை ஒரு தடவை தொட்டாள்.

பேருந்து போன பிறகு தொக்சு வாசலில் நின்றிருந்தார். கையில் வழக்கமான டீக் குடுவை. வழக்கமில்லாமல், காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தார்.

“தங்கச்சி, ஒரு விஷயம். அத்தை ஒரு பொண்ணு பார்த்திருக்கா எனக்கு.”

மிரான் குடுவையை வாங்கி அதன் மூடியைத் திருகினாள். அது ஏற்கெனவே திறந்திருந்தது.

“பூப்யோங்ல ஸ்கூல் சமையலுக்குப் பொறுப்பா இருக்காங்களாம். நல்லவங்களாம். ஞாயித்துக்கிழமை மத்தியானம் அத்தை வீட்டுக்கு வராங்க.”

“பொண்ணு பார்க்கிறதுக்குக் காபிக் கடைக்குத்தானே போவாங்க?”

“நானும் சொன்னேன். காபி குடிக்கிறதைப் பார்த்து மனுஷனை எடைபோட முடியாது, சூப் குடிக்கிறதைப் பார்த்தாத்தான் தெரியும்கிறா.” அவர் தன் பூட்ஸ் நுனியைப் பார்த்தார். “வேண்டாம்னு சொல்லக் காரணம் ஒண்ணும் கிடைக்கல. நீ கூட இருந்தா எனக்குத் தைரியமா இருக்கும். கூடப் பொறந்தவங்க ஒருத்தராவது பக்கத்துல இருக்கணும் இல்லையா?”

சொல்ல வேண்டியது எல்லாம் அவள் நாக்கில் வந்து வரிசையில் நின்றது. வெளியே வந்தது இதுதான்: “எந்தச் சட்டை போடப் போறீங்க?”

“பழுப்பு.”

“வேண்டாம் அண்ணா. அதுல காய்ஞ்ச வேர் மாதிரி இருப்பீங்க. நீலம் போடுங்க.”

சனிக்கிழமை அத்தை மிரானை உதவிக்குக் கூப்பிட்டாள். கேசோங் வீடுகளில் புத்தாண்டு சூப்புக்கு அரிசி மாவைக் கயிறு போல் உருட்டி, துண்டாக்கி, ஒவ்வொரு துண்டின் நடுவிலும் மூங்கில் கத்தியால் அழுத்தி உருட்டுவார்கள். இடுப்பு ஒடுங்கிப் பட்டுப்புழுக் கூடு மாதிரி வரும். விருந்துக்காக அத்தை மறுபடி ஒரு தட்டு நிறையச் செய்ய உட்கார்ந்துவிட்டாள்.

“இன்னும் அழுத்து. இது என்ன, தடவிக் கொடுக்கிற? இது யி சோங்கே கழுத்து, ஞாபகம் வச்சுக்கோ.”

“அத்தை, அவர் செத்து அறுநூறு வருஷம் ஆச்சு.”

“சூப்புல போட்டா இன்னும் சாகறான். அழுத்து.”

தன் நாட்டைப் பறித்தவனின் கழுத்தை வருடா வருடம் அடுப்படியில் நெரித்து, அதை இத்தனை ருசியாகச் சமைத்துச் சாப்பிட்ட பெண்களை நினைத்தால் மிரானுக்கு எப்போதும் வியப்புதான். அவர்களுக்குப் படை கிடையாது, ஓலை எழுதப் புலவர் கிடையாது. ஒரு மூங்கில் கத்தி இருந்தது. ஆனால் இன்று அவள் விரல்களுக்கு யாருடைய கழுத்தும் வேண்டியிருக்கவில்லை.

“பொண்ணு பேரு என்ன அத்தை?”

“உன்சில். ஜொன் உன்சில். புருஷன் போய் அஞ்சாறு வருஷம். பிள்ளைகள் வளர்ந்தாச்சு. குரல் நல்லா இருக்கு ஃபோன்ல.”

மிரானின் கத்தி நின்றது. ஜொன். அந்த ஒலியில் பல குடும்பப் பெயர்கள் உண்டு, எழுத்துதான் வேறு வேறு. எந்த ஜொன்? கூரைக்குக் கீழே அரசன் நிற்கும் ஜொன் என்றால்?

“எந்த ஜொன்னு கேட்டீங்களா?” என்று கேட்க வாயெடுத்தாள். கேட்டால் அத்தை இப்போதே ஃபோனைப் போடுவாள். கூரை ஜொன் என்று பதில் வந்தால், நாளை விருந்து கிடையாது. “ஐயோ, அவளும் நம்ம ரத்தமாச்சே” என்று அத்தை தலையில் கைவைப்பாள். ஒரே கேள்வியில் தொக்சு அந்தப் பெண்ணிடமிருந்து தப்பிவிடுவார்.

ஆனால் அதே கேள்வி மிரானின் கதவுக்கும் இன்னொரு பூட்டைப் போடும். கூரை போட்டவளுக்கு ஆகாதென்றால் புள்ளி வைத்தவளுக்கும் ஆகாது. அதை அவளே தன் வாயால் தீர்ப்புச் சொன்னதாக ஆகும். கேட்காமல் விட்டாலோ, நாளைக்கு நீலச் சட்டையோடு அவர் இன்னொருத்தி முன்னால் உட்காருவார்.

“என்ன நிறுத்திட்ட? மாவு காயுது.”

மிரான் அழுத்தினாள். துண்டு இரண்டாக அறுந்து போயிற்று.

“சரிதான்” என்றாள் அத்தை திருப்தியாக. “அவன் தலையே போச்சு.”

ஞாயிற்றுக்கிழமை உன்சில் சொன்ன நேரத்துக்கு வந்தாள். தனக்கு அவளைப் பிடித்துவிடக் கூடாதென்று மிரான் தீர்மானித்து வந்திருந்தாள், முடியவில்லை. உருண்டையான முகம், அலட்டலில்லாத பேச்சு. கொண்டு வந்த பேரிக்காய்ப் பெட்டியை வாசலிலேயே வைத்துவிட்டு, நேராக அடுப்படிக்குப் போய், “இந்த வாசனை எலும்பை ராத்திரியெல்லாம் கொதிக்க விட்டாத்தான் வரும்” என்றாள். அத்தையின் முகம் மலர்ந்தது. பாதிக் கல்யாணம் அடுப்படியிலேயே முடிந்த மாதிரி இருந்தது.

மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். தொக்சு நீலச் சட்டையில், பள்ளிக்கூடத்தில் தண்டனைக்கு நிற்பவர் போல நிமிர்ந்திருந்தார். அத்தை மிரானைக் காட்டி, “இவ எங்க பொண்ணு. இவன் தங்கச்சி” என்றாள்.

“கூடப் பொறந்தவங்களா? சாயலே இல்லையே” என்றாள் உன்சில்.

“இவ ஓக். வாங் பக்கத்துல ஒரு புள்ளி. கதை தெரியுமில்ல?”

“தெரியும், தெரியும்.” உன்சில் சிரித்தாள். “எங்க வீட்லயும் அதே கதையைச் சொல்வாங்க.”

தொக்சு கரண்டியைக் கீழே வைத்தார். யாரும் யாரிடமும் கேட்கிற கேள்விதான், ஆனால் அவர் குரல் சற்று வேகமாக வந்தது. “நீங்க எந்த ஜொன்?”

“கூரை போட்ட ஜொன். கீழே வாங், மேலே கூரை.”

தொக்சு அத்தையைப் பார்த்தார். பிறகு, திருவிழாக் கூட்டத்தில் வழி கேட்பவர் மாதிரி மிரானைப் பார்த்தார்.

“அப்படின்னா இவங்களும் நம்ம ரத்தம்தானே? தங்கச்சி, நீதான் தினம் இதைச் சொல்றவ. சரிதானே?”

மூன்று முகமும் அவள் பக்கம் திரும்பின. ஆம் என்று சொன்னால் அவர் இப்போதே விடுதலையாவார். அவருடைய கண்ணில் அந்த வேண்டுதல் இருந்தது, அவளால் அதைப் படிக்க முடிந்தது. அந்த ஆம் அவளை ஆயுளுக்கும் தங்கையாக்கிவிடும். இல்லை என்று சொன்னால், கொரியோவின் அந்த மூழ்கிய படகுகளைப் பற்றி இத்தனை வருடம் திடலில் நின்று சொன்னதற்கே துரோகம். மிரானால் அந்த விஷயத்தில் பொய் சொல்ல முடியாது. காதலுக்காகக்கூட முடியாது.

“அப்படித்தான் சொல்லிட்டு வராங்க” என்றாள் மெதுவாக. “ஜொன் எல்லாருமே வாங்தான்னு யாராலும் சொல்ல முடியாது. ஓக்கும் அப்படித்தான். சாட்சி கிடையாது. இருந்திருந்தா அவங்க உயிரோட மிஞ்சியிருக்க மாட்டாங்க. ஆனா ஒரு குடும்பம் இத்தனை தலைமுறையா ஒரு விஷயத்தை மறக்காம காதோட காதா சொல்லிட்டு வந்தா, அதை நான் நம்பறேன். இவங்க வீட்டுக் கதையையும் நம்பறேன்.”

“பார்த்தியா அத்தை?” என்றார் தொக்சு. அவர் தோள்கள் இறங்கி, மூச்சு வந்தது.

அத்தை தன் கிண்ணத்திலிருந்து ஒரு அரிசி மாவுத் துண்டை எடுத்து வாயில் போட்டு, நிதானமாக மென்று விழுங்கினாள். நல்ல மருமகள் ஒருத்தி கையிலிருந்து நழுவுவதை அவள் பார்த்துக்கொண்டிருக்கிற ஆள் இல்லை.

“என்னத்தைப் பார்த்தேன்? அறுநூறு வருஷத்துக்கு முன்னாடி எவனோ எழுத்துக்கு மேல ஒரு கூரையைப் போட்டானாம், அதுக்காக நீ இன்னும் தனியா படுத்துக் கிடக்கணுமா? அதெல்லாம் என்ன சொந்தம்? அப்படிப் பார்த்தா சந்தையில மீன் விக்கிறவ கூட உனக்குச் சின்னம்மா முறை வருவா. சட்டமே ஒண்ணும் சொல்லல. நான் சொல்றேன், அது ஒரு தடையே இல்ல. சூப் ஆறுது, சாப்பிடு.”

மிரான் கையில் கரண்டி அப்படியே நின்றது.

ஏழு வருடம். ஏறிக் குதிக்க முடியாதென்று அவள் சுற்றிச் சுற்றி வந்த வேலியை, அந்தக் கிழவி சூப் குடித்துக்கொண்டே ஒரு கையால் தள்ளிவிட்டாள். தள்ளியது அவளுக்கே தெரியவில்லை.

தெரிந்தது உன்சிலுக்குத்தான். அவள் மிரானையும் தொக்சுவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“அப்படின்னா, அத்தை, புள்ளிக்கும் அதே நியாயம்தானே?” என்றாள் குறும்பாக. “இவங்களும் தங்கச்சி இல்லையே.”

“அது வேற. இவ எங்க வீட்டுப் பொண்ணு” என்று ஆரம்பித்த அத்தை, பாதியில் நிறுத்தினாள். தொக்சுவுக்குப் புரையேறியிருந்தது. காதுமடல் இரண்டும் மிளகாய்ப் பழமாகச் சிவந்து, அவர் நீலச் சட்டையில் சூப்பைச் சிந்திக்கொண்டு இருமினார். மிரான் யோசிக்காமல் தண்ணீரை எடுத்து அவர் கையில் திணித்தாள். அவசரத்தில் பாதி மேசையில் கொட்டியது. அத்தை இதையெல்லாம் பார்த்தாள். மாவுத் துண்டுகளை அளந்து பார்த்துப் பழகிய அந்தக் கண்கள் சின்னதாகின. எல்லோருக்கும் இன்னொரு கரண்டி சூப் ஊற்றினாள். அத்தை பேசாமலிருந்து மிரான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

புறப்படும்போது உன்சில் வாசலில் உட்கார்ந்து பூட்ஸ் போட்டுக்கொண்டே, வழியனுப்ப வந்த மிரானிடம் குரலைத் தாழ்த்தினாள்.

“என் தம்பி தொல்லை தாங்காமத்தான் வந்தேன். சூப் நல்லா இருந்தது, அதனால நஷ்டமில்ல. உங்க அண்ணன் ஒரு மணி நேரத்துல என்னை ரெண்டு தடவைதான் பார்த்தார். எந்த ஜொன்னு கேட்டப்போ ஒரு தடவை, பேரிக்காய்ப் பெட்டியை வாசல்ல வச்சப்போ ஒரு தடவை.”

“அவர் கொஞ்சம் கூச்ச சுபாவம்.”

“உங்களைப் பார்க்கிறப்போ கூச்சத்தைக் காணோமே.” அவள் எழுந்து கோட்டைத் தட்டிவிட்டுக்கொண்டாள். “நாம மூணு பேரும் வாங்தான். நான் கூரைக்குக் கீழே சௌக்கியமா இருக்கேன். நீங்க எத்தனை நாளைக்கு அந்தப் புள்ளிக்குப் பின்னாடியே நிக்கப் போறீங்க?”

பதிலுக்குக் காத்திராமல் கையை அசைத்துவிட்டுப் போய்விட்டாள்.

மிரானைத் தொக்சுதான் வண்டியில் கொண்டுவிட்டார். வழக்கமாகச் சந்தை வழியாகப் போகிறவர், அன்று ஏனோ வடகரைச் சாலையில் திருப்பினார். மதியம் சாய்ந்துகொண்டிருந்தது. ஒரு பக்கம் கறுப்புத் துணிப் பந்தலுக்கடியில் ஜின்செங் வயல்கள், மறுபக்கம் முள்கம்பி வேலி, அதற்கப்பால் வற்றிய கடலின் சேற்றுத்திட்டு. அக்கரையில் கேசோங் மலைகள் பனியோடு தெளிவாக நின்றன. இதே மலையை ஒரு காலத்தில் கொரியோவின் தலைநகரம் என்றார்கள், பிறகு ஜோசனின் வணிக ஊர் என்றார்கள், இப்போது போக முடியாத இடம் என்கிறார்கள். எந்தப் பெயரில் கூப்பிட்டாலும் மலை தன் இடத்தில் இருந்தது. மிரானுக்கு அதைப் பார்க்கப் பார்க்கத் தைரியம் வந்தது. பெயர் போனால் இருப்பதெல்லாம் போய்விடும் என்று தினமும் திடலில் நின்று இத்தனை பேரிடம் அவள் ஒரு நாளாவது சொல்லியிருக்கிறாளா? தனக்கு மட்டும் ஏன் அப்படிச் சொல்லிக்கொண்டாள்?

தொக்சு இரண்டு தடவை தொண்டையைச் செருமினார். சட்டையில் சூப் கறை காய்ந்து வெள்ளையாகத் தெரிந்தது.

“அத்தை இன்னைக்கு ரொம்பப் பேசிட்டா.”

“இல்ல. இன்னைக்குத்தான் சரியாப் பேசினாங்க.”

அவர் வண்டியின் வேகத்தைக் குறைத்தார். சாலை ஓரத்தில், வேலிக்குப் பக்கமாக நிறுத்தியும்விட்டார். ஆனால் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு கையையும் ஸ்டியரிங் மேல் வைத்து, நல்ல வேரா சொத்தை வேரா என்று பார்ப்பது போல அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அந்தம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்றது? நீயே சொல்லு, தங்கச்சி.”

“அவங்களுக்கு எதுவும் சொல்ல வேண்டியதில்ல. அவங்களே சொல்லிட்டுப் போயிட்டாங்க.” மிரான் மடியிலிருந்த கையுறைகளை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தாள். திடலில் ஒரு பேருந்துக் கூட்டத்துக்கு முன்னால் நிற்கும்போது வருகிற அதே குரல் வந்தது. “எனக்குத்தான் உங்ககிட்ட ஒண்ணு கேட்கணும். ரொம்ப நாளாக் கேட்கணும்னு வச்சிருந்தேன்.”

“கேளு.”

“இனிமே என்னைத் தங்கச்சின்னு கூப்பிடாதீங்க. மிரான்னு கூப்பிடுங்க.”